மாசி முதல் புரட்டாசி வரை: பெட்ரோல் தோட்ட இயந்திரங்களைப் பழுதில்லாமல் எடுத்து வைக்க முழுமையான வழிகாட்டி

புல்வெட்டும் இயந்திரத்தோடு வரும் கையேட்டில் 'குளிர்காலத்தில் பாதுகாத்தல்' என்று ஒரு பக்கம் இருக்கும். பனி விழும் நாட்டுக்காரர்களுக்காக எழுதியது. அங்கே புல் வளர்வது கோடையில். இயந்திரம் சும்மா கிடப்பது குளிரில். நம் செட்டிநாட்டில், காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் எல்லாமே தலைகீழ். ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் வீட்டுக்குப் பின்னால் இடுப்பளவு புல்லும் பூண்டும் எழுகின்றன. பூட்டிக்கிடக்கும் பூர்வீக வீட்டைப் பொங்கலுக்குத் திறக்குமுன் வெட்டிச் சுத்தம் செய்கிறோம். நாட்டரசன்கோட்டையில் செவ்வாய்ப் பொங்கல் முடிந்து, வந்த சொந்தங்கள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் திரும்பிவிடுவார்கள். மாசி பிறக்கும்போது தரை காய்ந்து மஞ்சளாகிவிடும். அதன்பின் புரட்டாசி வரை அந்த இயந்திரத்துக்கு வேலை கிடையாது.

ஏழெட்டு மாதம் என்பது நீண்ட காலம். அதிலும் பங்குனி தொடங்கி ஆடி வரை உள்ள வெயில் பெட்ரோலுக்கும் ரப்பருக்கும் ஆகவே ஆகாது. புரட்டாசி கடைசியில் ஊரில் உள்ள மெக்கானிக் கடைகளின் வாசலைப் பாருங்கள். வரிசையாகச் சாய்த்து வைத்த புல்வெட்டும் இயந்திரங்கள் நிற்கும். 'தையில் நன்றாகத்தானே ஓடியது' என்பதுதான் எல்லோரும் சொல்வது. தையில் நன்றாக ஓடியதும் உண்மை, இப்போது கிளம்பாததும் உண்மை. இடையில் அதைக் கெடுத்தது வேலை அல்ல, டாங்கில் விட்டுவைத்த அரை லிட்டர் பெட்ரோல். கீழே சொல்லும் எல்லாவற்றிலும் ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருக்கிறது என்றால் பெட்ரோலை வடித்துவிட்டு, மீதியை மறந்துவிடுங்கள்.

எந்த இயந்திரத்துக்கு எப்போது ஓய்வு

எல்லா இயந்திரங்களையும் ஒரே நாளில் மூட்டை கட்ட வேண்டியதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பருவம். புல்வெட்டும் இயந்திரம், களையெடுக்கும் இயந்திரம் இரண்டும் மாசியில் ஓய்வுக்குப் போகும். மரம் அறுக்கும் செயின் சாவுக்கு நேர்மாறு: கண்மாய் வற்றி, சீமைக்கருவேலத்தை வெட்ட ஆள் இறங்கும் கோடைதான் அதற்கு வேலைக்காலம்; ஐப்பசி மழை பிடித்ததும் அது ஓய்வுக்கு வரும். ஜெனரேட்டருக்குப் பருவமே கிடையாது. கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம் போன்றவை), கோவில் விசேஷம் என்று வீடு திறக்கும்போதெல்லாம் வேண்டும். அதைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன்.

பொது விதி இதுதான்: ஒரு மாதத்துக்கு மேல் தொடப்போவதில்லை என்றால் பெட்ரோலை எடுத்துவிட வேண்டும். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் 30 நாளுக்கு மேல் பழைய பெட்ரோலை ஊற்ற வேண்டாம் என்றே சொல்கிறார்கள்.

பெட்ரோல் என்ன ஆகிறது

பெட்ரோல் ஒரே பொருள் அல்ல, பல திரவங்களின் கலவை. இயந்திரத்தைச் சட்டென்று பற்ற வைக்கும் இலேசான பகுதிதான் முதலில் ஆவியாகிப் போகிறது. சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் இது வேகமாகவே நடக்கும். மிஞ்சுகிற கனமான பகுதி காற்றோடு சேர்ந்து பிசுபிசுத்து, தேன் நிறத்தில் இறுகிப் படிகிறது. பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் போகும் துளைகள் மிகமிகச் சிறியவை. கொஞ்சம் பிசின் படிந்தாலே அடைத்துக்கொள்ளும்.

இதோடு எத்தனால் விவகாரமும் சேர்ந்துகொண்டது. 2022 ஜூனில் நாடு முழுவதும் பெட்ரோலில் 10 சதவீத எத்தனால் என்ற அளவு எட்டப்பட்டது. 2023 பிப்ரவரியில் 20 சதவீதக் கலவை விற்பனைக்கு வந்தது. 2025க்குள் அதுவே சாதாரண பெட்ரோல் ஆகிவிட்டது. ஆனால், நம் கொட்டகையில் இருக்கும் சிறு இயந்திரங்கள் பலவற்றின் கையேடு 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து தனியாகப் பிரிந்து டாங்கின் அடியில் தங்கும். பெட்ரோல் உறிஞ்சும் குழாயின் வாயும் அடியில்தான் இருக்கிறது. அந்தக் கலவை அலுமினியத்தை அரிக்கும், பழைய ரப்பர் குழாயை ஊதச் செய்யும். வண்டிக்கு இது பெரிய தொல்லை இல்லை, தினமும் ஓடுகிறது, பெட்ரோல் மாறிக்கொண்டே இருக்கிறது. எட்டு மாதம் பூட்டிய அறையில் கிடக்கும் இயந்திரத்துக்குத்தான் தொல்லை.

பெட்ரோலைக் கெடாமல் வைக்கும் திரவம் என்று ஒன்று ஆன்லைனில் விற்கிறது. புதுப் பெட்ரோலில் கலந்தால் பயன் உண்டு. கெட்டதை அது சரிசெய்யாது. நம் வெயிலுக்கும் நம் காலத்துக்கும் காலி டாங்க்தான் செலவில்லாத, நிச்சயமான வழி என்பது என் கருத்து.

வேலை செய்யும் இடம்

பெட்ரோல் வடிக்கும் வேலையை முற்றத்தில் செய்யாதீர்கள். திறந்தவெளிதானே என்று தோன்றும். ஆனால் பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தாழ்ந்த இடத்தில் போய்த் தேங்கும். நம் வளவு வீட்டின் நடு முற்றம் சுற்றுப் பத்தியைவிட, அதாவது சுற்றியுள்ள தாழ்வாரத்தைவிட, தாழ்வாக, நான்கு பக்கமும் சுவரோடு இருக்கிறது. பக்கத்திலேயே சாமி அறையில் விளக்கு எரியும். ஆச்சி இரண்டாம் கட்டில் அடுப்பு மூட்டியிருப்பார். மேலே பர்மாத் தேக்கு. இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

பின்வாசலுக்கு வெளியே, காற்றோட்டமான நிழலில், மண்தரையில் செய்யுங்கள். இன்னொரு காரணமும் உண்டு: வீட்டுத் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல். அது சூளையில் சுட்டு மெருகு பூசிய டைல் அல்ல, சிமெண்டில் வார்த்தது, எண்ணெயைக் குடிக்கும். ஓடித் தீர்ந்த இன்ஜின் ஆயில் ஒரு கை அளவு சிந்தினால் அந்தக் கறை பேரன் காலம் வரை இருக்கும்.

கையருகே வைத்துக்கொள்ள வேண்டியவை: இறுகிய மூடியுள்ள உலோகக் கேன், புனல், பிளக்கை (இன்ஜினுக்குள் தீப்பொறி தரும் ஸ்பார்க் பிளக்) கழற்றும் ஸ்பேனர், பழைய பல் துலக்கும் பிரஷ், பழைய வேட்டித் துணி, கிரீஸ், சிறு பாட்டில் டூ டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்குப் பெட்ரோலில் கலப்பது), மண்ணெண்ணெய். மண்ணெண்ணெய் கிடைப்பது இப்போது அரிதாகிவிட்டதால் டீசல் வைத்தும் சமாளிக்கலாம். தண்ணீர் பாட்டிலில் பெட்ரோலைப் பிடித்து வைக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. யாராவது தண்ணீர் என்று வாயில் வைக்கும் வரை அதன் ஆபத்து புரிவதில்லை. தயவுசெய்து வேண்டாம்.

முதல் படி: சுத்தம்

இயந்திரம் நன்றாக ஆறிய பிறகு தொடங்குங்கள். பிளேடுக்கு மேலுள்ள காப்புத் தகட்டின் அடியில் புல் சாறு காய்ந்து பொருக்காக ஒட்டியிருக்கும். மரக்குச்சியால் சுரண்டி, ஈரத்துணியால் துடைக்கலாம். இன்ஜின் பக்கம் மட்டும் தண்ணீர்க் குழாயைத் திருப்பாதீர்கள். சிலிண்டரைச் சுற்றி அடுக்கடுக்காக இருக்கும் அலுமினிய இதழ்களுக்கிடையே புல்லும் தூசியும் அடைத்திருந்தால் இன்ஜின் சூடு இறங்காது. பல் துலக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகத் தள்ளி எடுங்கள்.

இழுத்துக் கிளப்பும் கயிறு இருக்கும் மூடியின் காற்றுத்துளைகளையும் பாருங்கள். எலி கூடு கட்டத் தேர்ந்தெடுக்கும் இடம் அதுதான். கயிற்றை முழுவதும் மெதுவாக வெளியே இழுத்துப் பார்த்து, பிரிந்திருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள்.

இரண்டாம் படி: பெட்ரோலைக் காலி செய்தல்

உங்கள் இயந்திரம் எந்த வகை என்று முதலில் தெரிய வேண்டும். பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்றுவது டூ ஸ்ட்ரோக். ஆயிலுக்குத் தனி மூடியும் அளவுக் குச்சியும் இருந்தால் ஃபோர் ஸ்ட்ரோக்.

இந்த வேலை உண்மையில் கடைசி வெட்டுக்கு முன்பே தொடங்குகிறது. தை மாதக் கடைசியில் கேன் நிறையப் பெட்ரோல் வாங்கி வராதீர்கள். மிச்சமுள்ள புல்லுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு போதும்.

இன்ஜின் ஆறியிருக்கும்போது டாங்க் மூடியைத் திறந்து, புனல் வைத்து, மிச்சத்தைக் கேனில் சாய்த்து வடியுங்கள். டாங்கின் அடியில் குழாயின் நுனியில் சிறு வடிகட்டி தொங்கும். வளைந்த கம்பியால் வெளியே இழுத்துப் பாருங்கள். கறுத்து இறுகியிருந்தால் புதிது போடுவதுதான் நல்லது, விலை அதிகமில்லை. கேனை மூடி நாலடி தள்ளி வைத்துவிட்டு, இயந்திரத்தை வேறிடத்துக்குத் தூக்கிப்போய்க் கிளப்புங்கள். கார்புரேட்டரிலும் குழாயிலும் உள்ளது எரிந்து தீர்ந்ததும் தானாக நிற்கும்.

பலர் இத்தோடு விட்டுவிடுகிறார்கள். நின்றுவிட்டது என்பதற்கு முழுவதும் காலி என்று பொருள் இல்லை. பெட்ரோலை மேலேற்றும் ரப்பர் குமிழை ஐந்தாறு முறை அழுத்துங்கள். காற்று வரும் வழியை அடைக்கும் சோக்கை மூடிவிட்டு மறுபடி இழுங்கள். இரண்டு மூன்று நொடி இருமிவிட்டு நிற்கும். இருமவும் மறுக்கும் வரை செய்யுங்கள். ஜெனரேட்டர், பம்ப் செட் போன்ற ஃபோர் ஸ்ட்ரோக் இயந்திரங்களில் கார்புரேட்டரின் அடியில் ஒரு கிண்ணமும் அதில் ஒரு வடிகால் திருகும் இருக்கும். பெட்ரோல் குழாயை மூடிவிட்டு அந்தத் திருகைத் தளர்த்தினால் மிச்சம் சொட்டும். சொட்டுவதைச் சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் பிடித்துப் பாருங்கள்: அடியில் தனியாகக் கண்ணாடிக் கோடு போலப் பிரிந்து நின்றால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது.

சிறு கார்புரேட்டரின் உள்ளே இருக்கும் ரப்பர்ச் சவ்வு பெட்ரோல் இல்லாமல் காய்ந்து விறைத்துவிடும், ஆகவே காலி செய்யக் கூடாது என்று சில மெக்கானிக்குகள் சொல்வார்கள். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் சவ்வு விறைத்தால் அதை மட்டும் மாற்றிவிடலாம். துளைகளில் பிசின் இறுகினால் பெரும்பாலும் கார்புரேட்டரையே மாற்ற வேண்டி வரும். காலி செய்வதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

வடித்த பெட்ரோலை என்ன செய்வது? ஆயில் கலக்காத, ஒரு மாதத்துக்கு உட்பட்ட பெட்ரோல் என்றால் இருசக்கர வண்டியில் ஊற்றலாம். ஆயில் கலந்ததை இன்றைய ஃபோர் ஸ்ட்ரோக் பைக்கில் ஊற்றக் கூடாது. புகை வடிகட்டியைக் கெடுக்கும். கோடையில் வேலை தொடங்கும் செயின் சா வீட்டில் இருந்தால் அதற்குக் கொடுக்கலாம், கலவை விகிதம் பொருந்த வேண்டும். பல மலிவு இயந்திரங்களுக்கு 25க்கு 1, அதாவது லிட்டருக்கு 40 மில்லி ஆயில். ஸ்டில், ஹஸ்க்வர்னா போன்றவற்றுக்கு, அவர்கள் சொல்லும் ஆயிலோடு, 50க்கு 1, லிட்டருக்கு 20 மில்லி. ஆயில் கூடுதலான கலவையைக் குறைவாகக் கேட்கும் இயந்திரத்தில் ஊற்றினால் புகையும், பிளக் கரி பிடிக்கும், அவ்வளவுதான். மாற்றிச் செய்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அந்தச் செலவில் பாதி இயந்திரம் வாங்கலாம். எதுவானாலும் சாக்கடையிலோ ஊருணிக்குத் தண்ணீர் போகும் கால்வாயிலோ கொட்டாதீர்கள்.

மூன்றாம் படி: இன்ஜின் ஆயில்

இது ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு மட்டும். ஓடவிட்டுக் காலி செய்ததும் இன்ஜின் இளஞ்சூட்டில் இருக்கும்போதே ஆயிலை மாற்றுங்கள், முழுவதும் வடியும். புரட்டாசியில் மாற்றிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது வழக்கம். அது தப்பு வரிசை. ஓடிய ஆயிலில் எரிபொருள் கசடும் அமிலமும் கலந்திருக்கும். எட்டு மாதம் பேரிங்கையும் உலோகப் பரப்பையும் அந்த அழுக்கில் ஊற வைப்பானேன்?

அளவு கையேட்டில் இருக்கும். ஹோண்டா ஜிஎக்ஸ்35 இன்ஜின் உள்ள புல்வெட்டிக்கு 100 மில்லி மட்டுமே. ஜிஎக்ஸ்160 உள்ள பம்புக்கு ஏறத்தாழ 600 மில்லி. பொதுவாக 10டபிள்யூ-30 வகை ஆயில் போதும். அளவுக்கு மேல் ஊற்றுவதும் கெடுதல்தான். ஆயில் காற்று வடிகட்டிக்குள் ஏறிவிடும். வடித்த கறுப்பு ஆயிலை டப்பாவில் அடைத்து மெக்கானிக்கிடம் கொடுத்தால் வாங்கிக்கொள்வார். கதவில் கரையான் வராமல் இருக்கப் பூசுவேன் என்று தேக்கு நிலையில் தடவுபவர்களும் உண்டு. நூறு வருடத் தேக்குக்கு இந்த உபகாரம் தேவையில்லை.

நான்காம் படி: பிளக்

சுவிட்சை அணைத்துவிட்டு, பிளக்கின் தொப்பியைக் கழற்றித் தள்ளி வையுங்கள். பிறகு பிளக்கைக் கழற்றுங்கள். அதன் முனை காபி நிறத்தில் இருந்தால் எல்லாம் சரி. கரி படிந்திருந்தால் காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம், அல்லது ஆயில் அதிகம் கலந்திருக்கலாம். வெளுத்துக் கொப்பளித்திருந்தால் இயந்திரம் அளவுக்கு மீறிச் சூடாகிறது; இதை மெக்கானிக்கிடம் காட்டுவது நல்லது.

பிளக் இருந்த துளை வழியாக ஒரு சிறு தேக்கரண்டி ஆயில் விடுங்கள்: டூ ஸ்ட்ரோக்குக்கு டூ டி ஆயில், ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு இன்ஜின் ஆயில். அதற்கு மேல் வேண்டாம். துளையைத் துணியால் மூடிக்கொண்டு கயிற்றை மூன்று நான்கு முறை மெல்ல இழுத்தால் ஆயில் சுவரெங்கும் படரும். துணி இல்லாமல் இழுத்தால் சட்டையில் தெறிக்கும். பிளக்கைக் கையால் திருகி இறுக்கிய பிறகு, கயிற்றை மெதுவாக இழுத்து, கனமாகத் தடுக்கும் இடத்தில் நிறுத்துங்கள். அங்கே நின்றால் வால்வுகள் மூடியிருக்கும். டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் துளைகளை மறைத்து நிற்கும். உள்ளே ஈரக்காற்றும் பூச்சியும் போவதற்கு வழி குறைவு. பிளக் தொப்பியை மாட்டாமல் தள்ளியே விடுங்கள். வீட்டுக்கு வரும் பிள்ளைகள் கயிற்றைக் கண்டால் இழுக்காமல் இருக்கமாட்டார்கள்.

ஐந்தாம் படி: காற்று வடிகட்டி

ஸ்பாஞ்ச் வடிகட்டியைச் சோப்புத் தண்ணீரில் அலசி, பிழிந்து, நிழலில் உலர்த்தி, சில சொட்டு இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பிழிந்து மாட்டுங்கள். விரல் பட்டதும் பொடிந்தால் புதிது போடுங்கள். அந்தப் பொடி நேரே சிலிண்டருக்குள் போகும். காகித வடிகட்டியைக் கழுவக் கூடாது, தட்டி உதற வேண்டும்.

ஆறாம் படி: பிளேடு, கியர், நரம்பு

புல்வெட்டியின் பிளேடைப் பிடிக்கும் நட் பெரும்பாலான இயந்திரங்களில் இடமரை. வழக்கமான பக்கம் திருப்பினால் இன்னும் இறுகும். இது தெரியாமல் சுத்தியல் எடுத்தவர்கள் ஊரில் பலர். துணியோ கையுறையோ இல்லாமல் பிளேடைத் தொடாதீர்கள். கழற்றிய பிளேடை அரம் போட்டுக் கூர்மையாக்கி, ஆயில் தடவி, துணியில் சுற்றி வையுங்கள். விரிசல் தெரிந்தால் எடைக்குப் போடுங்கள். வெல்டிங் வைக்கலாமே என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அந்த வேகத்தில் உடைந்து பறக்கும் துண்டு முழங்காலைப் பார்க்காது.

பிளேடு மாட்டும் தலைப்பகுதியின் பக்கவாட்டில் ஒரு திருகு இருக்கும். அதைக் கழற்றி கிரீஸ் போடுங்கள். நிரப்பித் திணிக்க வேண்டாம். நீளக் குழாய்க்குள் சுழலும் தண்டை உருவ முடிகிற மாதிரி இயந்திரம் என்றால் அதற்கும் இலேசாகக் கிரீஸ் தடவலாம்.

பிளேடுக்குப் பதிலாகப் புல் வெட்ட மாட்டும் நைலான் நரம்பு கோடையில் ஈரம் இழந்து நொறுங்குவதாகிவிடும். அதைச் சுருளோடு தனியே எடுத்து இருட்டில் வையுங்கள். வெட்டுவதற்கு முந்தின நாள் இரவு தண்ணீரில் ஊறப்போட்டால் மறுபடி வளையும்.

செயின் சா, மருந்தடிக்கும் இயந்திரம், பம்ப்

ஐப்பசியில் செயின் சாவை எடுத்து வைக்கும்போது பெட்ரோலோடு சேர்த்து, சங்கிலிக்கான ஆயில் டாங்கையும் காலி செய்யுங்கள். இல்லாவிட்டால் தரையெல்லாம் கசியும். சங்கிலியைக் கழற்றி மண்ணெண்ணெயில் அலசி, உலர்த்தி, ஆயிலில் ஊற வைத்து எடுங்கள். சீமைக்கருவேலத்தின் பிசினும் மரத்தூளும் தகட்டின் பள்ளத்தில் கெட்டியாக அடைத்திருக்கும். மெல்லிய தகரத்துண்டால் வழித்தெடுத்துவிட்டு, தகட்டை மேல் கீழாகத் திருப்பி மாட்டினால் தேய்மானம் இரு பக்கமும் ஒன்றாக இருக்கும். சங்கிலியைத் தளர்வாக விடுங்கள்.

மருந்தடிக்கும் இயந்திரத்தின் தொட்டியைக் களத்திலேயே மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரை மருந்தடித்த வயலிலேயே தெளித்துவிட வேண்டும். பம்பில் தண்ணீர் தங்கும் கூட்டின் அடித் திருகைத் திறந்து முழுவதும் வடியுங்கள்.

ஜெனரேட்டர் விஷயம் வேறு

ஜெனரேட்டரை எட்டு மாதம் மூட்டை கட்டுவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். வீட்டில் விசேஷம் என்றதும் அன்றைக்கே ஓட வேண்டிய சாமான் அது. ஊரில் ஆள் இருந்தால் மாதம் ஒரு முறை கிளப்பி, மின்விசிறிகளோ இஸ்திரிப் பெட்டியோ மாட்டி, சுமையோடு இருபது நிமிடம் ஓடவிட வேண்டும். சுமையில்லாமல் ஓட்டினால் பெட்ரோல்தான் வீண். முற்றத்திலோ பத்தியிலோ வைத்து ஓட்டவே கூடாது. அதன் புகையில் நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, மூடிய வீட்டில் உயிரைக் குடிக்கும்.

ஊரில் ஆளே இல்லை என்றால் மற்றவற்றைப் போலவே காலி செய்து, ஆயில் மாற்றி வையுங்கள். பேட்டரியில் கிளம்பும் வகை என்றால் முதலில் நெகட்டிவ் முனையைக் கழற்றி, பிறகு பாசிட்டிவ். முழுச் சார்ஜில் 12.6 வோல்ட் காட்டும், 12.4க்குக் கீழே இறங்க விடாமல் இடையிடையே சார்ஜ் ஏற்ற வேண்டும். சூட்டில் பேட்டரி இன்னும் வேகமாக இறங்கும்.

எங்கே வைப்பது

வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றி, இருக்கும் அறைகள் வேண்டாம், சாமி அறையை ஒட்டிய இடம் வேண்டவே வேண்டாம். காலி செய்த டாங்கிலும் ஆவி இருக்கும். கீற்றுக் கொட்டகையும் கூடாது. பல வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகின்றன. அந்தப் பின்தெருப் பக்கத்துக் கட்டில், சாளரம் உள்ள சாமான் அறை இருந்தால் அதுவே சிறந்தது. வெயில் நேராக விழக் கூடாது. தகரக் கூரையைவிட ஓட்டுக் கூரை நல்லது.

தரையில் நேராக வைக்காமல் செங்கல் மேல் பலகை போட்டு வையுங்கள். அட்டைப்பெட்டியோ வைக்கோலோ அடியில் வேண்டாம், கரையானுக்கு விருந்து. ஃபோர் ஸ்ட்ரோக் இயந்திரத்தைக் கையேடு சொல்லும் நிலையில்தான் வைக்க வேண்டும். தலைகீழாகத் தொங்கவிட்டால் ஆயில் சிலிண்டருக்குள் இறங்கும். சைலன்சரின் வாயில் துணியைத் திணித்து, துணியின் நுனி கண்ணுக்குத் தெரியும்படி வெளியே விடுங்கள். குளவி அங்கேதான் மண்கூடு கட்டும், அது காய்ந்தால் சிமெண்ட். மேலே பாலித்தீன் சுற்றாதீர்கள். உள்ளே வேர்த்துத் துரு பிடிக்கும். பழைய பருத்தி வேட்டி போதும்.

கடைசியாக ஓர் அட்டை. வீடு பங்காளிகள் பத்துப் பேருக்குப் பொது, இயந்திரமும் பொது. பொதுச் சாமானுக்கு யார் பொறுப்பு என்பது நமக்குத் தெரியாததா? எடுத்து வைத்த தேதி, பெட்ரோல் காலி, ஆயில் மாற்றியாயிற்று, சைலன்சரில் துணி இருக்கிறது, பிளேடு எங்கே இருக்கிறது, கலவை விகிதம் என்ன என்று எழுதி இழுக்கும் கைப்பிடியில் கட்டுங்கள். அதையே போனில் படமெடுத்து, வீட்டைப் பார்த்துக்கொள்பவருக்கும் பங்காளிகளுக்கும் அனுப்பிவிடலாம். ஆவணியில் இடிமழை முன்கூட்டியே பெய்து, நீங்கள் கோலாலம்பூரில் இருக்கும்போது புல் முளைத்தால், திறப்பவர் அதைப் படித்துத்தான் வேலை செய்வார்.

புரட்டாசியில் மறுபடி கிளப்பும்போது

முதலில் சைலன்சர் துணியை எடுங்கள். கயிறு மூடிக்குள் எலிக்கூடு இருக்கிறதா, பெட்ரோல் குழாய் கடிபட்டோ வெடித்தோ இருக்கிறதா என்று பாருங்கள். பிளக்கைக் கழற்றி, துளையைத் துணியால் மூடி, கயிற்றை மூன்று நான்கு முறை இழுத்தால் உள்ளே விட்ட ஆயிலின் மிச்சம் வெளியேறும். பிளக்கைத் துடைத்து மாட்டுங்கள். அதன் இடைவெளி பெரும்பாலான சிறு இன்ஜின்களுக்கு 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர்.

அன்றைக்கு வாங்கிய பெட்ரோலை ஊற்றி, குமிழ் நிறையும் வரை அழுத்தி, சோக் போட்டு இழுங்கள். கிளம்பியதும் ஒரு நிமிடம் நீலப் புகை கக்கும், பயப்பட வேண்டாம். ஐந்தாறு இழுப்பில் கிளம்பவில்லை என்றால் மேலும் மேலும் இழுக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நனைந்திருந்தால் பெட்ரோல் அதிகமாகிவிட்டது, உலர்த்தி, சோக் இல்லாமல் இழுங்கள். காய்ந்தே இருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை, குழாயையும் வடிகட்டியையும் பாருங்கள், அவை சரி என்றால் கார்புரேட்டரின் ரப்பர்ச் சவ்வுதான். அதற்கு மெக்கானிக்கிடம் போவதானால் ஐப்பசி பிறக்குமுன் போய்விடுங்கள்.

முதல் டாங்க் ஓடி முடிந்ததும் இயந்திரத்தை அணைத்து, பிளேடு நட்டையும் கைப்பிடி போல்ட்டுகளையும் இன்னொரு முறை இறுக்குங்கள். ரப்பர் வாஷர்கள் கோடையில் சுருங்கியிருக்கும். முதல் ஓட்டத்தின் அதிர்விலேயே பலவும் தளர்ந்திருக்கும்.